கோண்டாவிலில் சந்திக்காத இரண்டு வரலாறுகள்: எங்கட பஸ்களும் அறிவுசார் குறைபாடுள்ள பயணிகளும்

கோண்டாவில் எண்டு சொன்னால் யாழ்ப்பாணத்தில் பலருக்கு முதலில் ஞாபகம் வருவது டிப்போ. இலங்கைப் போக்குவரத்துச் சபையின் சிவப்பு பஸ்கள் விடியப்புறம் வெளிக்கிட்டு, இரவில் வந்து அடையும் இடம். அதே கோண்டாவிலில்தான் சிவபூமிப் பாடசாலையும் இருக்கிறது. அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளுக்காக ஆறு. திருமுருகன் அவர்கள் முன்னின்று 2004 இல் தொடங்கிய பாடசாலை அது. ஒரே ஊரில் இருக்கும் இந்த இரண்டு இடங்களுக்கும் தனித்தனி வரலாறு இருக்கிறது. இரண்டையும் சேர்த்து வாசித்துப் பார்க்கும் பழக்கம்தான் எங்களிடம் இல்லை.

ஏன் சேர்த்து வாசிக்க வேண்டும்? இப்படியான ஒரு பாடசாலையில் படிக்கும் பிள்ளை காசு எண்ணப் பழகுகிறது, இலக்கம் பார்க்கப் பழகுகிறது, தன் பெயரையும் ஊரையும் சொல்லப் பழகுகிறது. பிறகு பதினெட்டு வயதாகிறது, இருபத்தைந்து வயதாகிறது. தொழிற்பயிற்சிக்கு, வேலைக்கு, சந்தைக்கு, கோயிலுக்கு, சிநேகிதர் வீட்டுக்குப் போக வேண்டும். குடாநாட்டில் மோட்டார் சைக்கிள் ஓடத் தெரியாத, ஓட்டோவுக்குக் கொடுக்கக் காசு இல்லாத ஒருவருக்கு மிஞ்சுவது பஸ்தான். அந்த பஸ்ஸில் அவர் சந்திக்கும் இரண்டு மனிதர்கள் சாரதியும் நடத்துநரும். அவரோடு எப்படிக் கதைக்க வேண்டும், எப்படி ஏற்றி இறக்க வேண்டும் எண்டு அந்த இரண்டு பேருக்கும் சொல்லிக் கொடுப்பது யாருடைய வேலை?

இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. அதை வாசித்துக்கொண்டு போகும்போது எங்களுக்குத் தெளிவான விஷயம் ஒன்றுதான். யாழ்ப்பாணத்தில் பஸ் எந்தக் காலத்திலும் தானாக எல்லாருக்கும் பொதுவானதாக இருந்ததில்லை. ஒவ்வொரு தரப்புக்கும் அதை யாரோ திறந்துவிட வேண்டியிருந்தது. அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு அதைத் திறந்துவிடக் கூடியது பஸ்ஸில் வேலை செய்பவர்களின் நடத்தை. நடத்தையைப் பயிற்சியால் மாற்றலாம்.

முதலில் சொற்களைப் பற்றி

எங்கட ஊர்ப் பேச்சில் "விசர்" எண்ட ஒரு சொல்லுக்குள் பல விஷயங்களைப் போட்டு அடைத்துவிடுவோம். மனநோயும் விசர், வலிப்பும் விசர், பேச்சு வராததும் விசர், படிப்பில் பின்தங்கினதும் அரை விசர். மரியாதையாகக் கதைக்கிற ஆக்கள் "மந்தம்" எண்டு சொல்லுவினம்.

அறிவுசார் குறைபாடு மனநோய் அல்ல. அது பிறப்பிலோ சிறுவயதிலோ தொடங்குவது. புதிய விஷயங்களைக் கற்பது, கணக்குப் பார்ப்பது, திடீரென்று வரும் மாற்றத்துக்கு ஏற்ப முடிவெடுப்பது போன்றவை மெதுவாகவே வரும். டவுண் சின்ட்ரோம் ஒரு காரணம். பிரசவ நேரத்தில் மூளைக்கு ஒட்சிசன் போதாமல் போவது இன்னொரு காரணம். காரணம் தெரியாமலே இருப்பவர்களும் கனபேர். மருந்து குடித்து மாற்றுகிற விஷயம் அல்ல இது. ஆனால் நேரமும் பொறுமையும் கொடுத்தால் இவர்களில் பெரும்பாலானோர் தங்கள் அன்றாட அலுவல்களைப் பழகிக்கொள்வார்கள். தனியே பஸ்ஸில் போய் வருவதும் அப்படிப் பழகக் கூடிய ஒன்றுதான்.

சொற்கள் குழம்புவதால் வரும் நட்டத்தை பஸ்ஸிலேயே பார்க்கலாம். விசர் எண்டு நினைத்தால் நடத்துநருக்கு ஒன்றில் பயம் வரும், அல்லது பகிடி வரும். ஒரே கேள்வியைத் திரும்பக் கேட்கும் பயணியைப் பார்த்து, "இவருக்குப் பதில் விளங்க இன்னும் கொஞ்ச நேரம் வேணும்" எண்டு நினைக்கத் தோன்றாது.

பஸ் பொதுவானது எப்படி?

1958 க்கு முன்னர் இலங்கையில் பஸ் ஓடியது தனியார் கம்பனிகளின் கையில். குடாநாட்டின் உள்வீதிகளில் தட்டிவான்களும் ஓடின. மரத்தால் செய்த உடல், பக்கங்கள் திறந்தபடி, ஆட்களோடு சேர்த்து வெங்காயமும் வாழைக்குலையும் போகும். இப்போது நாங்கள் அதைப் படத்தில் பார்த்து ரசிக்கிறோம். ஆனால் அந்தக் காலத்துப் பயணம் எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்கவில்லை. கோயில், கிணறு, தேநீர்க்கடை, பாடசாலை எல்லாவற்றிலும் போலவே பஸ் இருக்கையிலும் சாதி இருந்தது. ஒடுக்கப்பட்ட சாதியினர் காசு கொடுத்து ஏறினாலும் இருக்கையில் சமமாக அமர முடியாத காலம் ஒன்று யாழ்ப்பாணத்தில் இருந்தது.

அது எப்படி மாறியது? எல்லாருக்கும் ஒரு நாள் காலையில் நல்ல மனம் பிறந்து மாறவில்லை. ஒடுக்கப்பட்ட மக்களின் அமைப்புகள் பல தசாப்தங்கள் போராடின. 1957 இல் 21 ஆம் இலக்க சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்து, சாதியைக் காட்டிப் பொது இடங்களையும் வசதிகளையும் மறுப்பதைக் குற்றமாக்கியது. சட்டம் வந்த பிறகும் கோயில்களுக்காகவும் தேநீர்க்கடைகளுக்காகவும் அறுபதுகளின் இறுதியில் போராட்டம் தேவைப்பட்டது. அந்தச் சட்டத்தின் பெயரிலேயே "குறைபாடு" எண்ட சொல் இருப்பதைக் கவனியுங்கோ. குறை இருந்தது மனிதரில் அல்ல, சமூகம் போட்ட தடையில் எண்டதை அந்தப் பெயர் சொல்லாமல் சொல்கிறது. மாற்றுவலுவுள்ளோரின் இயக்கங்கள் உலகெங்கும் பிற்காலத்தில் சொன்னதும் இதைத்தான்.

1958 ஜனவரி முதலாம் திகதி பண்டாரநாயக்க அரசு பஸ் சேவையைத் தேசியமயமாக்கி இலங்கைப் போக்குவரத்துச் சபையை உருவாக்கியது. இலாபம் வராத வீதிக்கும் பஸ் விடலாம் எண்ட நிலை வந்தது. முதல் பஸ், கடைசி பஸ், பள்ளிக்கூட பஸ் எண்டு ஊர்களின் நேரக்கணக்கே பஸ்ஸோடு சேர்ந்து ஓடத் தொடங்கியது. ஒரே வழியில் ஒரே சாரதியும் நடத்துநரும் நீண்ட காலம் ஓடியதால் அவர்கள் அந்த ஊர்களின் ஆட்களாகவே ஆகிவிட்டார்கள். மருந்துப் பார்சல், கடிதம், சொல்லி அனுப்பும் செய்தி எல்லாம் அவர்களின் கையில் போனது.

எங்கட வீடுகளின் மூத்த ஆக்கள் அந்தக் காலத்தைச் சொல்லும்போது இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லுவினம். "தெரிஞ்ச கொண்டக்டர்" இருந்தால் பிள்ளையைத் தனிய ஏற்றிவிடலாம். "இவன் இன்னாற்றை மகன், அந்தச் சந்தியிலை இறக்கிவிடுங்கோ" எண்டு ஒரு வார்த்தை போதும். மெதுவாக விளங்கிக்கொள்ளும் பிள்ளைக்கும் அதே வார்த்தைதான் பாதுகாப்பு. எந்தச் சுற்றறிக்கையும் இல்லாமல், எந்தப் பயிற்சியும் இல்லாமல், அறிமுகம் எண்ட ஒன்றை மட்டும் வைத்து இந்த ஒழுங்கு ஓடியது.

அதை நாங்கள் குறைத்துச் சொல்ல விரும்பவில்லை. ஆனால் அறிமுகத்தில் ஓடும் ஒழுங்குக்கு ஓர் எல்லை உண்டு. தெரிந்த வீட்டுப் பிள்ளைக்குத்தான் அது கிடைக்கும். யாருடைய வீட்டைத் தெரிந்திருக்கும், யாருடைய வீட்டைத் தெரியாமல் இருக்கும் எண்டதைச் சாதியும் வசதியும் ஊரும் தீர்மானித்த சமூகம் இது. அதோடு, அந்த நடத்துநர் இடமாற்றம் பெற்றுப் போனால் பிள்ளையின் பயணமும் அதோடு சரி.

போர் எதை எண்ணியது, எதை எண்ணவில்லை

1979 இல் தனியார் பஸ்களுக்கு மீண்டும் இடம் கொடுக்கப்பட்டது. எண்பதுகளில் போர் வந்து, இருந்த ஒழுங்கையும் குலைத்துப் போட்டது. 1990 ஜூனில் யாழ்ப்பாணத்துக்கான ரயில் நின்றது. அதற்குப் பிறகு வந்த பொருளாதாரத் தடையில் பெற்றோலும் டீசலும் இல்லை. மண்ணெண்ணெயில் வாகனம் ஓட்டிய காலம் அது. குடாநாடு சைக்கிளில் ஏறியது. சைக்கிள் ஓட முடியாதவர், யாராவது ஏற்றிக்கொண்டு போனால் போவார், இல்லாவிட்டால் வீட்டில் இருப்பார்.

1995 இன் இடப்பெயர்வுக்கும் 1996 இல் குடாநாடு இராணுவக் கட்டுப்பாட்டுக்குள் வந்ததற்கும் பிறகு, பஸ் பயணம் எண்டால் சோதனைச்சாவடி. இறங்கு, வரிசையில் நில், அடையாள அட்டையைக் காட்டு, கேட்டதற்குப் பதில் சொல், நடந்து போய் மற்றப் பக்கத்தில் ஏறு. இந்த ஐந்து கட்டளைகளில் ஒவ்வொன்றும் அறிவுசார் குறைபாடுள்ள ஒருவருக்கு ஒரு பரீட்சை. கேள்வி இன்னொரு மொழியில் வரும். பதில் சொல்லப் பிந்தினால் அது மறைப்பதாகத் தெரியும். பயத்தில் ஓடினால் என்ன நடக்கும் எண்டு எல்லாருக்கும் தெரியும். அப்படி ஒரு பிள்ளையைத் தனியே வெளியே விட எந்தத் தாய்க்கு மனம் வரும்? வீட்டுக்குள் வைத்திருந்ததை அறியாமை எண்டோ வெட்கம் எண்டோ மட்டும் சொல்லிவிட்டுப் போக முடியாது. கனகாலம் அது உயிர்காக்கும் முடிவாக இருந்தது. பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது.

போர் இன்னொரு விஷயத்தையும் செய்தது. மாற்றுவலு எண்டால் என்ன எண்ட எங்கட படத்தையே மாற்றியது. ஷெல்லிலும் மிதிவெடியிலும் கால் இழந்தவர்கள், கை இழந்தவர்கள், கண் இழந்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். 1987 இல் யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் செயற்கைக்கால் நிலையம் வந்தது. அதே ஆண்டில் சாந்திகம் தொடங்கி உளவளத்துணைப் பணியை முன்னெடுத்தது. உளமருத்துவர் தயா சோமசுந்தரம் 1998 இல் வெளியிட்ட நூல் போரின் உளவடுக்களைப் பற்றி உலகத்தோடு கதைத்தது. கைகால் இழப்புக்கும் உளவடுவுக்கும் பேசக் குரல்கள் கிடைத்தன. அது அவசியமாகவும் இருந்தது. ஆனால் போருக்கு முன்னரும் இருந்த, போர் முடிந்த பிறகும் இருக்கும் அறிவுசார் குறைபாடு இந்த இரண்டுக்கும் நடுவில் காணாமல் போனது. அதற்குக் காயம் இல்லை, கதை இல்லை, நிதி தரும் நிறுவனத்துக்குக் காட்டப் படமும் இல்லை.

சட்டம் கட்டடத்தைப் பார்த்தது

இனிச் சட்டத்துக்கு வருவோம். இலங்கையில் மாற்றுவலுவுள்ளோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம். அதன் வரைவிலக்கணத்தில் உடல் ஆற்றலும் மன ஆற்றலும் இரண்டும் இருக்கின்றன. வேலைவாய்ப்பிலும் கல்வி அனுமதியிலும் பாகுபாடு கூடாது எண்டு அது சொல்கிறது. அடுத்து, பொதுமக்கள் போகக் கூடிய எந்தக் "கட்டடத்துக்கும் இடத்துக்கும்" நுழைவதில் தடை போடக் கூடாது எண்டும் சொல்கிறது.

பஸ் கட்டடமா, இடமா? சட்டத்தரணிகள் வாதாடலாம். நாங்கள் கவனிப்பது அந்தச் சட்டத்தின் பார்வையை. அது சுவரையும் வாசலையும் பார்க்கிறது. 2006 இல் வந்த அணுகுவசதி ஒழுங்குவிதிகளும் பெரும்பாலும் சாய்தளம், கதவின் அகலம், கைபிடி, மலசலகூடம் எண்ட அளவுகளைப் பற்றியே கதைக்கின்றன. 2009 ஏப்ரலில் கலாநிதி அஜித் பெரேரா தொடுத்த வழக்கில் உயர் நீதிமன்றம் வழங்கிய முக்கியமான கட்டளையும் பொதுக் கட்டடங்களைப் பற்றியது. சக்கர நாற்காலியில் இருந்துகொண்டு அவர் வென்று கொடுத்த அந்தக் கட்டளையின் பெறுமதி பெரியது. ஆனால் கட்டடத்தை அளக்க அளவுநாடா போதும். ஒரு நடத்துநர் பயணியிடம் கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்காக எவ்வளவு நேரம் காத்திருந்தார் எண்டதை எந்த அளவுநாடாவாலும் அளக்க ஏலாது.

ஐக்கிய நாடுகளின் மாற்றுவலுவுள்ளோர் உரிமைகள் சமவாயத்தில் இலங்கை 2007 மார்ச்சில் கையெழுத்திட்டு, 2016 பெப்ரவரியில் அதை ஏற்று உறுதிசெய்தது. அந்தச் சமவாயத்தின் 9 ஆம் உறுப்புரையில் போக்குவரத்து நேரடியாகவே சொல்லப்படுகிறது. அணுகுவசதி பற்றிச் சம்பந்தப்பட்டவர்களுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும், மனிதர்கள் நேரே செய்யும் உதவியும் இருக்க வேண்டும் எண்டும் அது சொல்கிறது. ஆக, சாரதியையும் நடத்துநரையும் பழக்குவது யாரும் செய்யும் தருமம் அல்ல. அரசு ஏற்றுக்கொண்ட கடமைக்குள் அது வருகிறது.

எண்ணிக்கையையும் ஒருக்கால் பார்ப்போம். 2012 குடிசனக் கணக்கெடுப்பில், ஐந்து வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் 8.7 வீதம், அதாவது சுமார் 16 இலட்சம் பேர், பார்த்தல், கேட்டல், நடத்தல், விளங்கிக்கொள்ளல் போன்றவற்றில் ஏதோவொரு சிரமம் உள்ளவர்கள் எண்டு பதிவாகினர். எங்கட பஸ்களில் இவர்களுக்கு இருப்பது என்ன? முன்பக்கத்தில் மதகுருமாருக்கும், கர்ப்பிணித் தாய்மாருக்கும், வலது குறைந்தோருக்கும் எண்டு எழுதின இருக்கை. ஊன்றுகோலோடு வருபவருக்கு எழும்பி இடம் கொடுப்பார்கள். பார்க்கச் சாதாரணமாக இருக்கும் முப்பது வயது ஆம்பிளை அந்த இருக்கையில் இருந்தால், "எழும்பு தம்பி, கண் தெரியேல்லையோ?" எண்ட கேள்விதான் வரும்.

வெளியில் இது எப்படித் தொடங்கியது?

இந்தப் பயிற்சி ஒரு வெளிநாட்டு ஆடம்பரம் எண்டு யாரும் நினைக்கலாம். அங்கேயும் இது சுலபமாக வரவில்லை. மேற்கு நாடுகளில் அறிவுசார் குறைபாடுள்ளவர்களைப் பெரிய விடுதிகளில் பூட்டி வைத்த காலம் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியையும் தாண்டி நீண்டது. 1959 இல் டென்மார்க் சட்டம் அவர்களின் வாழ்க்கை மற்றவர்களின் வாழ்க்கைக்கு முடிந்தளவு கிட்டவாக இருக்க வேண்டும் எண்டு சொன்னது. விடுதியை விட்டு வெளியே வந்தால் அடுத்த கேள்வி உடனே வந்து நிற்கும். ஓர் இடத்துக்குப் போவது எப்படி?

நியூயோர்க் நகரத்தின் அரச பாடசாலைகள் 1970 இல் பயணப் பயிற்சியைத் தொடங்கின. முறை எளிமையானது. பயிற்றுநர் முதலில் மாணவரோடு பக்கத்தில் இருந்து போவார். பிறகு இரண்டு இருக்கை தள்ளி இருப்பார். பிறகு தூரத்தில் நின்று பார்ப்பார். கடைசியில் மாணவர் தனியே போவார். ஒரு வழியைத்தான் பழக்குவார்கள், அதையே திரும்பத் திரும்ப.

ஆனால் பயணியை மட்டும் பழக்கினால் போதாது எண்டது விரைவிலேயே தெரிந்தது. பஸ் ஒரு நாள் வேறு வழியால் போனால், சாரதி தரிப்பிடத்தில் நிற்பாட்டாமல் விட்டால், பழகினது எல்லாம் ஒரு நிமிடத்தில் குழம்பிவிடும். அமெரிக்காவில் 1990 இன் மாற்றுவலுவுள்ளோர் சட்டத்தைத் தொடர்ந்து 1991 இல் வந்த போக்குவரத்து விதிகள் இரண்டு விஷயங்களைக் கட்டாயமாக்கின. ஒன்று, பஸ் ஊழியர் ஒவ்வொருவரும் தத்தம் வேலைக்கு ஏற்றபடி, மாற்றுவலுவுள்ள பயணியை மரியாதையோடும் ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசத்தை அறிந்தும் நடத்தத் தேர்ச்சி பெறும்வரை பயிற்சி பெற வேண்டும். மற்றது, முக்கிய தரிப்பிடங்களின் பெயரைப் பயணிகளுக்கு அறிவிக்க வேண்டும். கண் தெரியாதவருக்கு மட்டுமல்ல, தான் எங்கே நிற்கிறேன் எண்டு பிடிபடாத வேறு எவருக்கும் அது தேவை எண்டு அந்த விதியே சொல்கிறது.

ஐரோப்பிய ஒன்றியம் 2011 இல் கொண்டு வந்த 181 ஆம் இலக்க ஒழுங்குவிதி, பயணிகளோடு நேரே பழகும் பஸ் சாரதிகளுக்கு விழிப்புணர்வுப் பயிற்சி கொடுக்கச் சொன்னது. உடல், பார்வை, கேள்விக் குறைபாடுகளோடு வெளியில் தெரியாத குறைபாடுகளையும் கற்றல் சார்ந்த குறைபாடுகளையும் பயிற்சியில் சேர்க்க வேண்டும் எண்டும் பெயர் சொல்லிக் கேட்டது. 2013 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த அந்த விதியில் சாரதிப் பயிற்சிக்கு மட்டும் ஐந்து வருட விலக்குக் கேட்டு வாங்கிய நாடுகளில் பிரித்தானியாவும் ஒன்று. 2018 பெப்ரவரி இறுதியில்தான் அந்த விலக்கு முடிந்தது. லண்டனில் பஸ் ஓட்டும் எங்கட ஆக்களும் இருக்கினம். அவர்களுக்கு இது தங்கள் வேலைக்காலத்துக்குள்ளேயே நடந்த மாற்றம்.

பிரித்தானியாவில் பஸ் கம்பனிகள் கொடுக்கும் உதவி அட்டைகளும் இந்த வரலாற்றில் வருகின்றன. "நான் இருக்கும்வரை பஸ்ஸை எடுக்காதீர்கள்", "என் தரிப்பிடம் வந்தால் சொல்லுங்கள்" எண்ட மாதிரி ஒரு வசனம் எழுதின சின்ன அட்டை. பயணி வாய் திறக்கத் தேவையில்லை, காட்டினால் போதும். 2016 இல் கட்விக் விமான நிலையத்தில் தொடங்கிய சூரியகாந்திப் பட்டியும் அதே வகையானது. ஆனால் அட்டையைக் காட்டும்போது அதை வாசிக்கத் தெரிந்த சாரதி இருக்க வேண்டும். பயிற்சி இல்லாவிட்டால் அது வெறும் கடதாசி.

பக்கத்தில் தமிழ்நாட்டையும் பார்க்க வேண்டும். 2021 இல் அங்கே நகரங்களின் சாதாரண கட்டணப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளிகளும், கூட வரும் ஒருவரும் கட்டணம் இல்லாமல் போகலாம் எண்டு அரசு அறிவித்தது. ஏழைக் குடும்பங்களுக்குப் பெரிய ஆறுதல். ஆனால் கூட ஒருவர் வருவார் எண்ட எதிர்பார்ப்பு அதற்குள்ளேயே இருக்கிறது. அந்த ஒருவர் பெரும்பாலும் தாய். தாய்க்கு எழுபது வயதாகும்போது என்ன செய்வது? கட்டணச் சலுகையிடம் இதற்குப் பதில் இல்லை.

இன்றைய யாழ்ப்பாண பஸ்

2009 க்குப் பிறகு ஏ9 திறந்தது. 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்துக்கு ரயில் திரும்பி வந்தது. பஸ்களும் கூடின. ஆனால் பழைய "தெரிஞ்ச கொண்டக்டர்" காலம் திரும்பவில்லை.

காரணம் ஆட்கள் கெட்டுப்போனது அல்ல. தனியார் பஸ்ஸில் அண்டைக்கு வசூலித்த காசில்தான் சாரதியினதும் நடத்துநரினதும் வருமானம் தங்கியிருக்கிறது. இ.போ.ச. பஸ்ஸும் தனியார் பஸ்ஸும் ஒரே வீதியில், ஒரே தரிப்பிடத்து ஆட்களுக்காக ஓடுகின்றன. இணைந்த நேர அட்டவணை பற்றிய இழுபறி இங்கே பல வருடக் கதை. முன்னால் போகும் பஸ்ஸை முந்தினால்தான் அடுத்த சந்தியில் நிற்பவர்கள் கிடைப்பார்கள். இந்த ஓட்டத்தில் ஒரு பயணி ஆறுதலாக ஏறி இருக்கும்வரை காத்திருக்கும் பத்து விநாடி, நேரடியாகக் காசு நட்டம். அதனால்தான் காலைத் தூக்கி மிதிபலகையில் வைத்ததும் பஸ் எடுபடுகிறது.

ஆகவே பயிற்சியை மட்டும் கொடுத்துவிட்டுச் சான்றிதழைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினால் ஒன்றும் நடக்காது எண்டதை நாங்கள் ஒத்துக்கொள்கிறோம். நேர அட்டவணையும் கூலி முறையும் பயிற்சிக்கு இடம் கொடுக்க வேண்டும். அதற்காக, அட்டவணை சரிவரும்வரை பயிற்சி வேண்டாம் எண்டு சொல்லுறதும் பிழை. சில விஷயங்களுக்கு ஒரு விநாடியும் தேவையில்லை.

எங்கட நடத்துநர்களிடம் ஏற்கனவே ஒரு பெரிய திறமை இருக்கிறது. அமெரிக்காவில் 1991 இல் விதி போட்டுக் கொண்டு வந்த தரிப்பிட அறிவிப்பை இங்கே அவர்கள் தொண்டை கிழியச் செய்கிறார்கள். "கொக்குவில், கோண்டாவில், இணுவில், மருதனார்மடம், சுன்னாகம்!" ஆனால் அந்தக் குரல் பெரும்பாலும் வெளியில் நிற்பவரை ஏற்றுவதற்கான குரல். அதே குரலை உள்ளுக்கும் ஒருக்கால் திருப்பி, "அடுத்தது மருதனார்மடம், இறங்கிற ஆக்கள் முன்னுக்கு வாங்கோ" எண்டு சொன்னால் போதும். அறிவுசார் குறைபாடுள்ளவருக்கு அது வழிகாட்டி. கண் தெரியாத பயணிக்கும், ஊருக்குப் புதிதாக வந்தவருக்கும், நித்திரை தூங்கும் எங்களுக்கும் சேர்த்து உதவி.

பயிற்சியில் வேறு என்ன இருக்கும்? ஒரு நேரத்தில் ஒரு கேள்வி. "எங்கை போறது, தனியவோ, மாத்தின காசு இருக்கோ?" எண்டு மூன்றையும் ஒரே மூச்சில் கேட்காமல், "எங்கை இறங்கப் போறீங்கள்?" எண்டு கேட்டுவிட்டுக் கொஞ்சம் பொறுப்பது. பதில் வராவிட்டால் சத்தத்தைக் கூட்டாமல், அதே கேள்வியை இன்னும் சின்னதாகக் கேட்பது. பக்கத்தில் நிற்கும் தாயிடம் கேட்காமல் அவரிடமே கேட்பது. நாற்பது வயது மனிதரை "டேய்" எண்டு கூப்பிடாமல் "அண்ணை" எண்டு கூப்பிடுவது. மிச்சக் காசைக் கையில் எண்ணி வைப்பது. காதைப் பொத்திக்கொண்டு ஒருவர் பதற்றப்பட்டால் பாட்டுச் சத்தத்தைக் குறைப்பது. பஸ் பழுதாகி ஆட்களை மற்ற பஸ்ஸுக்கு மாற்றும்போது, அவரைக் கூட்டிப்போய் மற்ற நடத்துநரிடம் சொல்லி ஏற்றிவிடுவது. தரிப்பிடத்தைத் தவறவிட்டவரை நடுவீதியில் இறக்காமல், பஸ் நிலையத்துக்குக் கொண்டுபோய் நேரக்காப்பாளரிடம் ஒப்படைப்பது.

இன்னொன்றை மெல்லமாகச் சொல்லிவிட்டுப் போக முடியாது. நெரிசல் பஸ்ஸில் பெண்கள் படும் தொல்லை எங்கள் எல்லாருக்கும் தெரியும். அறிவுசார் குறைபாடுள்ள பெண்ணுக்கு அந்த ஆபத்து இன்னும் கூட. நடந்தது என்னவெண்டு சொல்ல அவருக்கு வார்த்தை வராமல் இருக்கலாம். சொன்னாலும் நம்பாமல் விடுவார்கள். பெற்றோர் மகளைத் தனியே அனுப்ப மறுப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். அவர் எங்கே நிற்கிறார், யார் பக்கத்தில் நிற்கிறார் எண்டு பார்த்து, முன்பக்க இருக்கைக்குக் கூட்டி வருவது நடத்துநரின் வேலையின் ஒரு பகுதியாக வேண்டும்.

இதைக் கேட்க வேண்டிய இடங்கள் மூன்று. இலங்கைப் போக்குவரத்துச் சபையின் வடபிராந்திய நிர்வாகம், வடமாகாண வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகாரசபை, தனியார் பஸ் சங்கங்கள். சாரதி, நடத்துநர் அனுமதியைப் புதுப்பிக்கும்போது அரைநாள் அமர்வு ஒன்றைச் சேர்ப்பதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. படிப்பிப்பவர்கள் கொழும்பிலிருந்து வரவும் தேவையில்லை. இந்த வீதிகளில் போக விரும்பும் அறிவுசார் குறைபாடுள்ள இளைஞர்களும், அவர்களின் பெற்றோரும், அவர்களைப் படிப்பிக்கும் ஆசிரியர்களும் இங்கேயே இருக்கிறார்கள். சாரதிகள் அவர்களிடமிருந்து நேரே கேட்க வேண்டும். 750 ஆம் இலக்க பஸ்ஸில் பருத்தித்துறைக்குப் போகிற நடத்துநருக்கு விளங்குவது வகுப்பறைப் படத்தாள் அல்ல, தன் பஸ்ஸில் ஏறி, தன்னிடமே ரிக்கற் வாங்கிக் காட்டுகிற ஒரு மனிதர்.

முதலாவது அமர்வுக்கு வேண்டியது ஓடாமல் நிறுத்தி வைத்த ஒரு பஸ், ஐந்தாறு சாரதிகளும் நடத்துநர்களும், ஐந்தாறு பயணிகள், ஒரு காலைப்பொழுது. ஏறுவது, காசு கொடுப்பது, இருப்பது, பெல் அடிப்பது, இறங்குவது எண்டு அதையே பத்துத் தரம் செய்து பார்க்கலாம். அந்த பஸ்ஸும் அந்தப் பயணிகளும் இண்டைக்கும் கோண்டாவிலில்தான் இருக்கினம்.